மரவள்ளித் தேமல்: வைரஸ் எந்த இனம் என்று பிரிப்பது எப்படி?

சேலம், நாமக்கல் பக்கம் மரவள்ளிக் காட்டில் இறங்கினால் இது கண்ணில் படாமல் போகாது. மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாக, இலை ஒரு பக்கம் கோணி, கொழுந்து சுருங்கி நிற்கும். விவசாயிக்கு அது தேமல், அவ்வளவுதான். ஆனால் நம் ஊரில் இதைக் கொண்டுவருவது இரண்டு வைரஸ்கள்: இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். இரண்டுமே ஜெமினிவிரிடே குடும்பம், பெகோமோவைரஸ் பேரினம். வெள்ளை ஈயும் நடவுக் குச்சியும்தான் இரண்டையும் பரப்புகின்றன. இலையைப் பார்த்துப் பிரிக்கவே முடியாது.

முதலில் இளம் இலையிலிருந்து டி.என்.ஏ. எடுங்கள். இந்த வைரஸின் மரபுப் பொருள் ஒற்றை இழை டி.என்.ஏ. வளையங்கள் இரண்டு, ஏ, பி என்று. ஒவ்வொன்றும் சுமார் 2,700 எழுத்து (ஏ, சி, ஜி, டி என்ற டி.என்.ஏ. எழுத்துகள்). ஃபை29 நொதியால் வளையத்தைப் பெருக்கி, ஒரே இடத்தில் வெட்டும் நொதியைப் போட்டு, குளோன் செய்து (பாக்டீரியாவுக்குள் வைத்து நகலெடுத்து) முழு வரிசையையும் படியுங்கள்.

இனம் பிரிக்க ஏ வளையம் மட்டும்தான். ஏன் என்றால், இலங்கை வைரஸின் பி வளையமே இந்திய வைரஸிடமிருந்து வந்தது என்று காட்டியிருக்கிறார்கள். பி-யை வைத்துப் பெயர் சூட்டினால் இரண்டும் குழம்பிவிடும். மேலுறைப் புரத மரபணுவை (வைரஸின் வெளிக்கூட்டுக்கான மரபணு) மட்டும் படித்து, ஒத்த வரிசைகளைத் தேடித்தரும் பிளாஸ்ட் கருவியில் போட்டு, மேலே வந்த பெயரை அப்படியே எழுதுவதும் வேண்டாம். அந்தத் துண்டு வைரஸுக்கு வைரஸ் பெரிதாக மாறாது.

அப்புறம்தான் எல்லோரும் சறுக்கும் இடம். வளையத்துக்குத் தொடக்கம் கிடையாது, அதனால் எல்லா வரிசைகளையும் ஒரே இடத்தில் வெட்ட வேண்டும். ஃபாஸ்டா கோப்பில் (வரிசை எழுத்தெழுத்தாக இருக்கும் கோப்பு) டி-ஏ-ஏ-டி-ஏ-டி-டி-ஏ-சி என்ற ஒன்பது எழுத்தைத் தேடி, ஏழாவது எழுத்துக்குப் பின் வெட்டி, முன்பகுதியைக் கொண்டுபோய்க் கடைசியில் ஒட்டுங்கள். கிடைக்கவில்லையா? வரிசை ஏ-சி என்று தொடங்கி அந்த ஏழு எழுத்தில் முடிகிறதா பாருங்கள், அப்படியென்றால் ஏற்கெனவே சரியாக வெட்டியிருக்கிறது. இல்லையென்றால் எதிர் இழையில் தேடுங்கள். நான் ஒருமுறை இதை மறந்துவிட்டு, ஒற்றுமை சதவீதம் படுத்துக் கிடந்ததைப் பார்த்து, புது வைரஸ் கண்டுபிடித்துவிட்டேன் என்று இரண்டு நாள் மிதந்தேன்.

சரி, இப்போது ஜென்பேங்க் என்ற பொது வரிசைக் களஞ்சியத்திலிருந்து இரண்டு இனத்தின் முழு ஏ வரிசைகளையும் இறக்கி, ஒற்றுமை சதவீதம் கணக்கிடும் எஸ்.டி.டி. மென்பொருளில் மஸில் என்ற வரிசை ஒப்பீட்டு முறையைத் தேர்ந்து இரண்டிரண்டாக ஒப்பிடுங்கள். 2015-இல் வந்த வரையறைப்படி 91 சதவீதம்தான் இனத்துக்கு எல்லை, 94 ஸ்ட்ரெயினுக்கு (இனத்துக்குள் வரும் உட்பிரிவு). ஒரு இனத்தின் ஏதாவது ஒரு மாதிரியோடு 91 தொட்டாலே போதும், மற்ற மாதிரிகளோடு குறைந்தாலும் அது அந்த இனம்தான். எண் எல்லைக்கு அருகே இருந்தால் கலப்பைக் கண்டுபிடிக்கும் ஆர்.டி.பி. மென்பொருளிலும் போட்டுப் பாருங்கள், இரண்டு வைரஸின் துண்டுகள் ஒட்டிக்கொண்ட கலப்பாக இருக்கலாம்.

கடைசியாக, எந்தெந்தச் செடியைத் தாக்கும்? குளோனை அக்ரோபாக்டீரியம் (செடிக்குள் டி.என்.ஏ.வைக் கடத்தும் பாக்டீரியா) வழியாகச் செடிக்குள் செலுத்திப் பார்ப்பார்கள். வழக்கமாக நிகோடியானா பெந்தாமியானா என்ற புகையிலை இனச் செடியில்தான் தொடங்குவார்கள். அதில் நோய் வந்தது என்பதற்காகத் துள்ள வேண்டாம், அந்தச் செடி எந்த வைரஸைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் ரகம். மரவள்ளியில் திரும்பச் செலுத்தி, தேமல் வந்து, புது இலையிலிருந்து அதே வரிசையை மறுபடி படித்தால்தான் கணக்கு.