புஷ்-அப் எண்ணிக்கை ஏன் ஏறாமல் நிற்கிறது? மலையகப் பிள்ளைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆட்சேர்ப்புச் சோதனைக்கு ஆயத்தமாகிறவர்கள், பாடசாலைக் கபடி அணியில் இருப்பவர்கள், உடம்பைத் தேற்ற வேண்டும் என்று நினைப்பவர்கள் என நம் தோட்டங்களில் புஷ்-அப் எடுக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். ஜிம்முக்குப் போவதென்றால் ஹட்டனுக்கோ பண்டாரவளைக்கோ பஸ் ஏற வேண்டும், மாதக் காசும் கட்ட வேண்டும். புஷ்-அப்புக்கு வீட்டு முன் இஸ்தோப்பில் ஆள் நீட்டிப் படுக்கிற இடம் போதும். ஆனால் பலருக்கு முதல் மாதம் சடசடவென்று ஏறுகிற எண்ணிக்கை, அதன் பிறகு 15, 20 என்று ஓர் இடத்தில் குந்திக்கொள்கிறது. முயற்சி குறைந்ததால் அப்படி ஆவதில்லை. நான் பார்த்தவரையில், எண்ணிக்கையைத் துரத்துகிறவர்களுக்குத்தான் எண்ணிக்கை ஏறாமல் போகிறது. பயிற்சியிலும் சரி, சாப்பாட்டிலும் சரி, இந்தத் தவறு பல உருவத்தில் வருகிறது.

அரைகுறை புஷ்-அப்பை எண்ணுவது

ஒரு தம்பி 40 எடுப்பேன் என்றான். எடுத்தும் காட்டினான், மளமளவென்று. அடுத்த நாள் நெஞ்சுக்கு நேர் கீழே ஒரு டென்னிஸ் பந்தை வைத்து, நெஞ்சு பந்தில் பட்டால்தான் கணக்கு, மேலே வரும்போது முழங்கை முழுதாக நிமிர வேண்டும் என்றேன். 11-இல் கை நடுங்கிவிட்டது. அவன் ஏமாற்றவில்லை. களைப்பு ஏற ஏற உடம்பு தானாகவே தூரத்தைக் குறைத்துக்கொள்ளும். இடுப்பு முதலில் தொங்கும், தலை மட்டும் கீழே போய் வரும், நெஞ்சு இருந்த இடத்திலேயே இருக்கும்.

புஷ்-அப்பில் கஷ்டமான பகுதி அடியிலிருந்து கிளம்பும் அந்தச் சில அங்குலம். அதைத் தொடாமல் எத்தனை எடுத்தாலும் நெஞ்சுத் தசைக்கும் மேற்கையின் பின்பக்கத் தசைக்கும் வேண்டிய வேலை கிடைக்காது. சோதனை நாளில் அதிகாரி பக்கத்தில் நின்று பார்த்து அரைகுறையை வெட்டும்போது மனம் உடைவதை விட, இன்றைக்கே உண்மையான எண்ணைத் தெரிந்துகொள்வது நல்லது. இறங்குவதற்கு இரண்டு விநாடி கொடுங்கள். பந்து இல்லையென்றால் மடித்த துவாய் போதும்.

இன்னொன்று நம் பக்கத்துக்கே உரியது: தரை. தோட்டத்தில் சமதரை கிடைப்பது லேசில்லை. லயத்து வீட்டு வாசலும் ரோட்டோரமும் சரிவாகத்தான் இருக்கும். தலை மேட்டுப் பக்கம் இருந்தால் புஷ்-அப் இலகுவாகும், பள்ளத்துப் பக்கம் இருந்தால் கடினமாகும். சாதாரணமாகச் சமதரையில் எடுக்கும்போது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் கை தாங்குகிறது. 60 கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட 40 கிலோ. கைகளை 60 சென்டிமீட்டர் உயரத்தில் வைத்தால் அது 40 சதவீதமளவுக்கு இறங்கிவிடும். ஒவ்வொரு நாளும் மேட்டைப் பார்த்து எடுத்துப் பழகியவர் மைதானத்துச் சமதரையில் ஐந்தாறு குறைந்து நிற்பது இதனால்தான். வேலைக்கு ஆள் கூடும் பிரட்டுக்களமோ கோயில் முற்றமோ, எங்கே தரை மட்டமாக இருக்கிறதோ அங்கே அளந்து பாருங்கள்.

முழங்கையை விரித்து வைப்பது

மேலிருந்து பார்த்தால் உடம்பும் கையும் சிலுவை மாதிரித் தெரிந்தால் தோள்மூட்டின் முன்பக்கம் பாடுபடும். கைகளைத் தோளகலத்தை விடக் கொஞ்சம் வெளியே வைத்து, முழங்கை உடம்போடு 45 பாகை அளவில் பின்னோக்கிப் போகும்படி இறங்க வேண்டும். பிட்டத்தை இறுக்கிப் பிடித்தால் இடுப்பு தொங்காது. வயிற்றை இறுக்கு என்று எல்லாரும் சொல்வார்கள். பிட்டத்தை யாரும் சொல்வதில்லை. இடுப்பை நிறுத்துவதில் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

மணிக்கட்டு வலித்தால் மடித்த படங்கின் மேலோ சாக்கின் மேலோ விரல்களை மடக்கிய கை முட்டியால் ஊன்றி எடுக்கலாம். தோளின் முன்பக்கம் சுருக்கென்று குத்தினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தசை எரிவது வேறு, மூட்டு குத்துவது வேறு.

ஒவ்வொரு நாளும் விழும்வரை எடுப்பது

அதிகம் பேர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. தினமும் காலையில் எழுந்து முடிந்த மட்டும் எடுக்கிறார்கள், கை விட்டதும் எழுந்து குளிக்கப் போகிறார்கள். இது பயிற்சி இல்லை, ஒவ்வொரு நாளும் சோதனை எழுதுவது. தசை பலப்படுவது எடுக்கும்போது அல்ல, எடுத்த பிறகு ஓய்விலும் தூக்கத்திலும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் மறுநாளும் கடைசிச் சொட்டு வரை பிழிந்தால் முந்தாநாள் அலுப்போடுதான் இன்றைய எண்ணிக்கை வரும்.

உங்கள் சுத்தமான எண்ணிக்கை 12 என்று வைத்துக்கொள்வோம். கிழமைக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது விட்டு, 6 அல்லது 7 வீதம் ஐந்து தடவை எடுங்கள். ஒவ்வொரு தடவைக்கும் இடையில் இரண்டு நிமிட ஓய்வு. கடைசித் தடவையிலும் இன்னும் இரண்டு எடுக்கலாம் என்ற பலம் கையில் மிச்சம் இருக்க வேண்டும். அப்படிச் செய்தால் ஒரு நாளைக்கு 30, 35 சுத்தமான புஷ்-அப் ஆகிறது. முன்பு 12 உடன் முடிந்த இடத்தில். அடுத்த கிழமை ஒவ்வொரு தடவையிலும் ஒன்றைக் கூட்டுங்கள். கூட்ட முடியாவிட்டால் அதே எண்ணில் இன்னொரு கிழமை இருங்கள், அவசரமில்லை. முழு எண்ணிக்கையை நான்கு கிழமைக்கு ஒருமுறை அளந்தால் போதும்.

முதல் சில கிழமைகளில் ஏறுவது பெரும்பாலும் நரம்புகள் வேலையைப் பழகுவதால். தசை கண்ணுக்குத் தெரியும்படி வளர ஒன்றரை இரண்டு மாதமாவது ஆகும். இது தெரியாமல் ஆறாவது கிழமையில், "எனக்கு இதெல்லாம் சரிவராது" என்று விட்டுவிடுகிறவர்களை நினைத்தால்தான் வருத்தமாக இருக்கிறது.

பகலில் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களும் கொழுந்து சுமந்து மலை ஏறி இறங்குகிறவர்களும் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. கையும் தோளும் ஏற்கெனவே ஒரு நாள் வேலை செய்துவிட்டன. வேலை கடுமையாக இருந்த நாளில் ஐந்து தடவையை இரண்டாக்குங்கள், இல்லாவிட்டால் ஞாயிறுக்குத் தள்ளுங்கள். அதைச் சோம்பல் என்று யாராவது சொன்னால் கணக்கில் எடுக்காதீர்கள்.

ஒரு புஷ்-அப்பும் வராதவர்களுக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, முழங்காலை ஊன்றி எடுக்கும்படி சொல்வதே இங்கே வழக்கம். அதில் எடை பாதியளவுக்குக் குறைகிறது என்பது உண்மைதான். ஆனால் இடுப்பிலிருந்து பாதம்வரை நேராக நிறுத்தும் பழக்கம் அதில் வராது. அதற்குப் பதில் இஸ்தோப்புத் திண்ணையில் கை ஊன்றி, கால் நீட்டி எடுங்கள். அது 15 சுலபமாக வந்ததும் படிக்கட்டுக்கு இறங்குங்கள், பிறகு தாழ்ந்த படிக்கு, பிறகு தரைக்கு. கூடவே தரையில் மேலிருந்து கீழே ஐந்து விநாடி எடுத்து மெதுவாக இறங்குவதை மட்டும் மூன்று நான்கு தடவை செய்யுங்கள். எழும்ப முழங்காலை ஊன்றிக்கொள்ளலாம். கீழே இறங்கும்போது தாங்குகிற பலம்தான் பிறகு மேலே தள்ளும் பலமாகிறது.

தள்ளிக்கொண்டே இருந்துவிட்டு இழுக்கும் பயிற்சியை மறப்பதும் தோளை முன்னுக்கு வளைத்துவிடும். பாடசாலைக் கம்பியில் தொங்கி இழுங்கள், அல்லது புத்தகப் பையில் கல்லோ அரிசியோ நிரப்பி, குனிந்து வயிற்றுப் பக்கம் இழுங்கள். தள்ளுகிற அளவுக்கு இழுக்கவும் வேண்டும்.

குளிரில் நேரே தரைக்குப் போவது

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடலோரத்தை விட ஐந்தில் ஒரு பங்களவு குறைவு. அதனால் புஷ்-அப் குறைகிறது என்று சிலர் சொல்வார்கள். ஓட்டத்துக்கு அது பொருந்தும். ஒரு நிமிடத்துக்குள் முடிகிற புஷ்-அப்பை அது பெரிதாகத் தொடாது. தொடுவது குளிர். தை மாசிப் பனியில் போர்வையிலிருந்து எழுந்து நேரே தரையில் கை ஊன்றினால் மூட்டும் தசையும் விறைத்துத்தான் இருக்கும். ஐந்து நிமிடம் படி ஏறி இறங்குங்கள், கையைச் சுழற்றுங்கள், சுவரில் கை வைத்து 15 எடுங்கள். குளிரில் தாகம் தெரியாது என்பதால் தண்ணீர் குடிப்பதும் குறைந்துவிடும். சிறுநீர் அடர்த்தியான மஞ்சளாக இருந்தால் போதாது என்று அர்த்தம்.

வயிறு நிறைந்தால் போதும் என்று நினைப்பது

காலையில் ரொட்டியும் சம்பலும், பகல் சோறும் தண்ணியான பருப்பும் மரக்கறியும், இரவு மறுபடி ரொட்டி. வயிறு நிறையும், வேலைக்குச் சக்தியும் கிடைக்கும். தசை கட்டத் தேவையான புரதம்தான் குறையும். தேங்காயில் இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. கோதுமை மாவில் 100 கிராமுக்கு 10 கிராம் அளவில் புரதம் உண்டு, ஆனால் லைசின் என்ற அமினோ அமிலம் (புரதத்தின் ஒரு கூறு) அதில் குறைவு. பருப்பிலும் கௌபிப் பயறிலும் அது தாராளமாக இருப்பதால் ரொட்டியோடும் சோற்றோடும் அவை சேரும்போது குறை நிரம்புகிறது. நம் ஆட்கள் சோற்றையும் பருப்பையும் சேர்த்தது சரிதான்; பருப்பில் தண்ணீர் கூடியதுதான் பிரச்சினை.

பயிற்சி செய்கிறவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.6 கிராம் வரை புரதம் ஒரு நாளைக்கு வேண்டும். 60 கிலோ ஆளுக்கு 72 முதல் 96 கிராம். பெரிய தொகையாகத் தெரிந்தாலும் தோட்டத்துக் கடையிலேயே எல்லாம் இருக்கிறது. இரண்டு முட்டையில் 12 கிராம். 60 கிராம் கௌபியை அவித்தால் 14. அதே அளவு மைசூர்ப் பருப்பைக் கெட்டியாக வைத்தால் இன்னொரு 14. ஒரு சிறு பிடி நெத்தலி, 20 கிராம் இருந்தால், ஏறத்தாழ 12. சோயா மீட் 30 கிராமில் 15. சோறும் ரொட்டியும் 20 கிராம் கொடுத்தால் மொத்தம் 87 ஆகிறது. முட்டைக்குக் கை எட்டாத கிழமையில் சோயாவையும் கௌபியையும் கூட்டுங்கள். நெத்தலியை ஊறவைத்துக் கழுவிப் போடுங்கள், உப்பு அதிகம். எல்லாவற்றையும் இரவுச் சாப்பாட்டில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக்கொள்வது நல்லது. காலையில்தான் நாம் அதிகம் தவறவிடுகிறோம்.

சாப்பிட்ட கையோடு தேத்தண்ணி

தேயிலை நம் சோறு. அதைக் குறை சொல்ல வரவில்லை. பயிற்சிக்கு முன் ஒரு கோப்பை தேத்தண்ணி நல்லதுதான். அதிலுள்ள கஃபீன் உற்சாகம் தரும். ஆனால் சாப்பிட்ட உடனே குடித்தால் பருப்பு, கௌபி, கீரையிலிருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுப்பதை அது பெரிதும் குறைக்கிறது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். சாப்பாட்டோடு தேசிக்காய் பிழிந்துகொண்டாலோ ஒரு கொய்யா சாப்பிட்டாலோ இரும்பு இன்னும் நன்றாகச் சேரும்.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தோட்டப் பகுதிகளில், முக்கியமாகப் பெண்களிடம், இரத்தச்சோகை பரவலாக இருக்கிறது. லயத்துப் படி ஏறவே மூச்சு வாங்குகிறது, கண் இமையின் உட்பக்கம் வெளிறியிருக்கிறது, எப்போதும் அசதி என்றால் எந்தப் பயிற்சி அட்டவணையும் உதவாது. வைத்தியசாலையில் இரத்தம் சோதித்துப் பாருங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.

புரதத் தூள் டப்பாவைப் பற்றியும் பிள்ளைகள் கேட்கிறார்கள். கெடுதல் என்று சொல்ல மாட்டேன், அவசியமும் இல்லை. ஒரு டப்பாவின் காசுக்கு எத்தனை கிலோ பருப்பும் கௌபியும் வரும் என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

சோதனைக்கு முந்திய இரண்டு நாளும் புஷ்-அப் வேண்டாம். அன்று காலை, தொடங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ரொட்டியோ பாணோ வாழைப்பழமோ சாப்பிட்டு முடித்துவிடுங்கள். முறை வரும்வரை குளிரில் நிற்க வேண்டியிருக்கும், ஜெர்சியைக் கழற்றாமல் கையை அசைத்துக்கொண்டே இருங்கள். முதல் பத்தை வேகமாக அடித்துத் தீர்க்காமல் பயிற்சியில் எடுத்த அதே வேகத்தில் தொடங்குங்கள். கை கனக்கத் தொடங்கினால் கீழே அல்ல, மேலே கை நிமிர்ந்த நிலையில் ஒரு மூச்சு இழுத்துவிட்டு அடுத்ததற்கு இறங்குங்கள்.