நொதியால் மாற்றிய கொழுப்பைக் காய்ச்சி வடிக்கையில் அமிலம் இடம்பெயராமல் காப்பது எப்படி?

செம்பனை ஸ்டியரினை (செம்பனை எண்ணெயின் கெட்டிப் பகுதியை) ஓலிக் அமிலத்தோடு சேர்த்து, தாய்ப்பால் கொழுப்பைப் போன்ற ஒன்றைச் செய்ய முயலும் முதுகலை மாணவர்களைப் பினாங்கில் அடிக்கடி சந்திக்கிறேன். நொதிவினை முடிந்ததும் வேலையும் முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கொழுப்பில் மூன்று அமிலங்களைத் தாங்கும் கிளிசராலின் இரு முனைகளில் மட்டும் செயல்படும் லைப்பேஸ் நொதியைத் தேர்ந்தெடுத்து, தாய்ப்பாலில் உள்ளதுபோல் நடுவிடத்தில் இருக்கும் பால்மிடிக் அமிலத்தைத் தொடாமல் காத்த அருமை, மிஞ்சிய அமிலத்தை வடித்து நீக்கும் சூட்டில் வீணாகிவிடக்கூடும். நடுவிலிருந்த அமிலம் முனைக்கு நகர்ந்துவிடும்.

இந்த நகர்வுக்கு ஒரு வாசல் வேண்டும். மூன்று இடங்களும் நிரம்பிய டிரைகிளிசரைடு எளிதில் அசையாது. ஓர் இடம் காலியாக உள்ள டைகிளிசரைடில், வெறுமனே நிற்கும் ஹைட்ராக்சில் தொகுதி பக்கத்து அமிலத்தைப் பற்றி ஐந்து அணு வளையமாகிப் பிரியும்போது அமிலம் இடம் மாறிவிடுகிறது. அந்தக் காலியிடத்தில் வேறோர் அமிலம் வந்து சேர்ந்தால், பிழை டிரைகிளிசரைடிலேயே பதிந்துவிடும். ஆகவே காய்ச்சுவதற்கு முன்பே டைகிளிசரைடைக் குறைப்பதுதான் முதல் வேலை. நீர் மிகுந்தால் கொழுப்பு பிளந்து டைகிளிசரைடு பெருகும். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் இது எளிதாக நடக்கும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த நொதிக் குப்பியை உடனே திறந்தால் பனித்துளிபோல் நீர் படியும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்கவும். வினை முடிந்ததும் நொதித் துகள்கள் ஒன்றுவிடாமல் வடிகட்டவும், ஏனெனில் அவற்றைத் தாங்கும் சிலிக்கா போன்ற பொருள்களே நகர்வைத் தூண்டக்கூடும்.

அடுத்தது வடிகலன். கரைந்திருக்கும் நீரையும் காற்றையும் முதலில் மிதமான சூட்டில் வெற்றிடத்தில் வெளியேற்றுங்கள். இல்லையேல் அழுத்தம் ஏறி, அமிலத்தை விரட்ட வெப்பத்தையும் ஏற்ற வேண்டியிருக்கும். மெல்லிய படலமாக வழிந்தோடும் குறுவழி வடிகலனில் எண்ணெய் சில விநாடிகள் மட்டுமே சூட்டைப் பார்க்கும். 0.01 மில்லிபார் அழுத்தத்தில் நான் 150 பாகை செல்சியஸில் ஒரு முறை ஓட்டி, பிறகு 180 பாகையில் மறுமுறை ஓட்டுவேன். ஒரே ஓட்டத்தில் முடித்துவிடும் ஆசையில் வெப்பத்தை மேலும் கூட்டுவது தவறான சிக்கனம். கடைசிச் சிறிதளவு அமிலத்தை, சூடேற்றாமல், நீர்த்த காரத்தால் நீக்கலாம்.

குளிர்விப்பானில் பனிநீரை விடாதீர்கள். வெளியேறும் ஆவியில் ஓலிக் அமிலத்தோடு விடுபட்ட பால்மிடிக் அமிலமும் வரும். அது தனியே 63 பாகையில் உருகுவது. கண்ணாடியில் வெள்ளையாக உறைந்து வழியை அடைத்தால் அழுத்தம் ஏறும். கலவை என்பதால் 60 பாகை அளவிலான வெந்நீர் போதும்.

ஒருமுறை, வடிகலனுக்கு எண்ணெய் ஊட்டும் கலனை 90 பாகையில் விட்டுவிட்டு, பம்பு எண்ணெயை மாற்றுவதிலேயே பிற்பகலைக் கழித்தேன். படலத்தில் விநாடிகளுக்கு அஞ்சிய நான் கலனில் மணிக்கணக்கை மறந்தேன். ஊட்டும் எண்ணெய் உருகி ஓடும் அளவுக்குமேல் சூடாக வேண்டியதில்லை. கீழே சேரும் எண்ணெயையும் உடனே குளிர்வியுங்கள்.

தொழிற்சாலை அளவில் நாற்றம் நீக்கும் வேளையில் 230 பாகையைத் தாண்டுவோருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. அந்தச் சூட்டில் டைகிளிசரைடிலிருந்து கிளிசிடைல் எஸ்டர்கள் என்னும் தீங்கான சேர்மங்கள் உருவாகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவற்றுக்குத் தாவர எண்ணெய்களில் கிலோவுக்கு 1000 மைக்ரோகிராம் என உச்சவரம்பு வைத்தது.

நகர்வைக் கண்டறிய, கணைய லைப்பேஸால் முனை அமிலங்களைப் பிளந்து, நடு அமிலம் மட்டும் எஞ்சும் மானோகிளிசரைடைச் சிலிக்கா பூசிய தட்டில் பிரித்து, வாயு நிறப்பகுப்பில் (gas chromatography) பாருங்கள். சிலிக்காத் தட்டுக்கு முன்பே போரிக் அமிலம் பூச வேண்டும். பூசாவிட்டால் தட்டிலேயே அமிலம் நகர்ந்து, வடிகலன் மீது வீண்பழி விழும். காய்ச்சுவதற்கு முன் எடுத்த மாதிரியையும் அதே நாளில் சோதித்தால்தான் ஒப்பிட முடியும்.

எண்ணெய் கெடாமல் காக்கும் இயற்கையான டோகோஃபெராலின் (வைட்டமின் ஈ) ஒரு பகுதியும் அமிலத்தோடு வெளியேறிவிடுவதால், குளிர்ந்த எண்ணெயில் அதை மீண்டும் சேர்த்து, நைட்ரஜன் நிரப்பி மூடி வையுங்கள்.