ஃப்ரைடு லிவர் அட்டாக்: குதிரையைக் கொடுத்து ராஜாவை வெளியே இழுப்பது

செஸ்ஸில் வெள்ளைக்கான தாக்குதல் இது. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள், மனக்கணக்கில் இது பிடிபடாது. இ4 என்றால் இ வரிசையின் நான்காவது கட்டம்; காயின் பெயர் சொல்லாவிட்டால் நகர்வது சிப்பாய்.

தொடக்கம் இத்தாலியன் ஓப்பனிங். வெள்ளை இ4, கறுப்பு இ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை சி6, வெள்ளை பிஷப் சி4. இப்போது கறுப்பு இன்னொரு குதிரையை எஃப்6-இல் வைத்தால்தான் நம் வேலை ஆரம்பம். பிஷப்பை சி5-இல் வைத்துவிட்டால் இது கிடையாது, வேறு திட்டம் பாருங்கள்.

நான்காவது நகர்வு குதிரை ஜி5. குதிரையும் பிஷப்பும் சேர்ந்து எஃப்7-ஐக் குறிவைக்கின்றன; அங்கே ராஜாவைத் தவிர காவல் இல்லை. ஜெர்மன் செஸ் மேதை டார்ராஷ் இதைக் கத்துக்குட்டி நகர்வு என்று ஒதுக்கினார். சொல்லட்டும், கிளப் போட்டிகளில் இன்றும் இது புள்ளி வாங்கித் தருகிறது.

கறுப்பு டி5 என்று மறிக்கும். இ4 சிப்பாயால் வெட்டுங்கள். எதிராளி குதிரையால் திருப்பி வெட்டினால், உங்கள் குதிரையை எஃப்7-இல் போடுங்கள். ராணியையும் யானையையும் ஒருசேரத் தாக்குவதால் ராஜா அதை வெட்டுவார். அடுத்து ராணி எஃப்3, செக். ராஜா பின்வாங்கினால் டி5 குதிரை போய்விடும். ஜி8-க்குப் போனால் மேட்டில்தான் முடியும். ஆகவே இ6-க்கு, பலகையின் நடுவுக்கே வருவார்.

இங்கேதான் பலர் செக் மேல் செக் கொடுத்துக் கெடுத்துக்கொள்கிறார்கள். செக் வேண்டாம். டி5 குதிரை பின் ஆகி நிற்கிறது; நகர்ந்தால் நம் பிஷப்பின் தாக்குதலில் ராஜா சிக்குவார் என்பதால் நகர முடியாது. அதன் மேல் இன்னும் ஒரு காயை ஏவுங்கள்: குதிரை சி3. கறுப்பு சி6 குதிரையை இ7-க்கு இழுத்துக் காத்தால் டி4, அப்புறம் பிஷப் ஜி5. 1610 வாக்கில் ரோமில் இத்தாலிய ஆட்டக்காரர் பொலேரியோ வென்றதும் இதே வழியில்தான். அந்த சி6 குதிரை பி4-க்குப் போய் சி2-ஐ மிரட்டினால், பதறாமல் கேஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் மாற்றுவது) செய்துவிட்டு டி4 ஆடுங்கள்.

விஷயம் தெரிந்தவர் டி5-இல் குதிரையால் வெட்டமாட்டார். சி6 குதிரையை ஏ5-க்கு நகர்த்தி பிஷப்பை மிரட்டுவார். பிஷப் பி5 செக், கறுப்பு சி6, சிப்பாயால் வெட்டு, அவர் பி சிப்பாயால் வெட்டுவார், நீங்கள் பிஷப் இ2. ஒரு சிப்பாய் லாபம், ஆனால் கொஞ்ச நேரம் தற்காப்புதான்.

இன்னொரு பொறி, டிராக்ஸ்லர் எனப்படும் கறுப்பின் எதிர்த்தாக்குதல். நான்காவது நகர்வில் எஃப்7-ஐக் கண்டுகொள்ளாமல் கறுப்பு பிஷப்பை சி5-இல் வைக்கும். குதிரையை எஃப்7-இல் போடக் கை பரபரக்கும். போட்டால் எஃப்2-இல் பிஷப் பலி விழுந்து உங்கள் ராஜாவுக்குத்தான் ஆபத்து. பிஷப்பால் எஃப்7-ஐ வெட்டி செக் கொடுங்கள். ராஜா இ7-க்கு வந்ததும் பிஷப்பை பி3-க்குத் திருப்பிவிடுங்கள்.