பன்னிரண்டே கால் அடியைத் திரையில் காட்டுவது: டபிள்யூபிஎஃப் கன்வெர்ட்டர் எழுதும் முறை

ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர் பக்கத்து டேனரிகளுக்கு, விண்டோஸ் திரைகளை அமைக்க மைக்ரோசாஃப்ட் தரும் டபிள்யூபிஎஃப்பில் ஸ்டாக் மென்பொருள் எழுதித் தருவது என் வேலை. அங்கே தோலின் பரப்பைச் சதுர அடியில், கால் அடி வரை துல்லியமாக எழுதுவார்கள்: 12 1/4, 9 3/4. டேட்டாபேஸிலோ அது 12.25 என்ற டெசிமல். "நாங்க புள்ளி வெச்சு எழுதினதே இல்லீங்களே தம்பி" என்றார் ஒரு கணக்கர். அவர் கேட்டது நியாயம். பல வருடமாகக் கை பழகிய எழுத்தை மென்பொருளுக்காக அவர் ஏன் மாற்ற வேண்டும்?

இதற்காக, திரைக்குப் பின்னால் தகவலை வைத்திருக்கும் வியூமாடலில் பரப்பை ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்தாக, வைத்துவிடாதீர்கள். லாட்டின் மொத்தம் கூட்ட முடியாது. வரிசைப்படுத்தினால் 12 1/4க்குப் பிறகு 9 3/4 வந்து உட்காரும். வியூமாடலில் டெசிமலே இருக்கட்டும். மாற்றும் வேலையை ஐவேல்யூகன்வெர்ட்டர் இன்டர்ஃபேஸை ஏற்ற ஒரு தனி கிளாஸிடம் கொடுங்கள். அதில் இரண்டே மெத்தட்: வியூமாடலிலிருந்து திரைக்குப் போகக் கன்வெர்ட், திரும்பி வரக் கன்வெர்ட்பேக்.

கன்வெர்ட் எளிது. ஆனால் முழு எண்ணையும் மீதியையும் முதலிலேயே பிரிக்காதீர்கள். 12.9 வந்தால் மீதி கிட்டத்தட்ட நான்கு கால் ஆகி, திரையில் 12 4/4 என்று நிற்கும். முதலில் மதிப்பை 4ஆல் பெருக்கி முழு எண்ணாக்குங்கள். 12.25 என்றால் 49. அதை 4ஆல் வகுத்தால் ஈவு 12, மீதி 1; 12 1/4 கிடைத்துவிட்டது. 12.9 என்றால் 51.6, அது 52 ஆகி, சரியாக 13 வரும். மீதி 2 என்றால் 1/2 என்று காட்டுங்கள். 2/4 என்று யாரும் எழுதமாட்டார்கள். மதிப்பே இல்லையென்றால், அதாவது நல் (null) என்றால், காலி ஸ்ட்ரிங்.

கவனமெல்லாம் கன்வெர்ட்பேக்கில்தான் வேண்டும், ஏனென்றால் அங்கே வருவது மனிதர் தட்டியது. 12 1/4 என்றும் வரும், 12.25 என்றும் வரும், வெறும் 3/4 என்றும் வரும், நடுவே இரண்டு ஸ்பேஸோடும் வரும். அத்தனையையும் ஏற்றுக்கொள்ளுங்கள். புரியாதது வந்தால் மட்டும், 'மதிப்பு கிடைக்கவில்லை' என்று சொல்லும் டிபென்டன்சிப்ராப்பர்ட்டி டாட் அன்செட்வேல்யூவைத் திருப்பிக் கொடுங்கள். 0 கொடுக்கவே கூடாது. ஒரு தோலின் அளவு சத்தமில்லாமல் கணக்கிலிருந்து காணாமல் போகும். எக்ஸெப்ஷனும் எறியாதீர்கள். நாம் எழுதிய கன்வெர்ட்டர் எறிவதை, திரையையும் வியூமாடலையும் இணைக்கும் பைண்டிங் பிடிப்பதில்லை, அப்ளிகேஷனே விழுந்துவிடும்.

அப்புறம், கன்வெர்ட்டரை ரிசோர்ஸில் ஒரு கீ கொடுத்து வையுங்கள். டெக்ஸ்ட்பாக்ஸின் டெக்ஸ்ட் பைண்டிங்கில் கன்வெர்ட்டர் என்ற இடத்தில் ஸ்டாட்டிக்ரிசோர்ஸாக அந்தக் கீயைக் குறிப்பிடுங்கள். தட்டியது வியூமாடலுக்கு எப்போது போக வேண்டும் என்று சொல்லும் அப்டேட்சோர்ஸ்ட்ரிக்கரைத் தொடாதீர்கள். டெக்ஸ்ட்பாக்ஸுக்கு இயல்பாக இருப்பது லாஸ்ட்ஃபோகஸ், அதாவது கட்டத்தை விட்டு வெளியே போகும்போது; இங்கே அதுதான் சரி. ஒவ்வொரு எழுத்துக்கும் ஓடும் ப்ராப்பர்ட்டிசேஞ்ச்டு ஆக்கினால், கணக்கர் 12 1/ வரை தட்டும்போதே கன்வெர்ட்பேக் ஓடிப் பிழை காட்டும்.

ஏற்றுமதிக்குச் சதுர டெசிமீட்டரும் கேட்பார்கள். 1 சதுர அடி 9.290304 சதுர டெசிமீட்டர். இதற்கும் ஒரு கன்வெர்ட்டர் எழுதுங்கள், ஆனால் பைண்டிங்கின் மோடை ஒன்வே (வியூமாடலிலிருந்து திரைக்கு மட்டும்) ஆக்கிவிடுங்கள். 12 1/4 அடி திரையில் 113.81 என்று தெரியும். அதைத் திருப்பினால் 12.25 வராது, 12.2504 வரும். ஒரு பீஸில் இது ஒன்றுமில்லை. லாட் முழுக்கக் கூட்டும்போது பில்லும் ஸ்டாக் புத்தகமும் ஒத்துப்போகாது, அந்தச் சண்டை கணக்கர் தலையில் விழும்.

எல்லாவற்றுக்கும் கன்வெர்ட்டர் தேவையில்லை. ட்ரூ, ஃபால்ஸை வைத்து ஒன்றைக் காட்டவோ மறைக்கவோ பூலியன்டுவிசிபிலிட்டிகன்வெர்ட்டர் தயாராகவே இருக்கிறது. வெறும் அலங்காரத்துக்கு ஸ்ட்ரிங்ஃபார்மட் போதும். லேபிளில் மட்டும் அது வேலை செய்யாது. அங்கே கன்டென்ட்ஸ்ட்ரிங்ஃபார்மட் போடுங்கள்.

கடைசியாக, நம் ஊர்க்காரர்கள் அவசியம் பார்க்க வேண்டியது கல்ச்சர், அதாவது தேதியையும் எண்ணையும் எந்த நாட்டு முறையில் எழுதுவது என்ற அமைப்பு. விண்டோஸில் இந்திய அமைப்பு இருந்தாலும், டபிள்யூபிஎஃப் பைண்டிங் தானாக எடுத்துக்கொள்வது அமெரிக்க ஆங்கிலத்தை. சரக்கு வந்த தேதி 05/03 என்று தட்டினால் மே 3 ஆகிவிடும். 25/03 என்றால் சிவப்புக் கட்டம் வந்து காட்டிக்கொடுக்கும். 12ஆம் தேதி வரைக்கும் அதுவும் வராது. ஒரு பைண்டிங்குக்கு மட்டும் என்றால் கன்வெர்ட்டர்கல்ச்சரில் இந்திய ஆங்கிலத்தைக் கொடுங்கள். அப்ளிகேஷன் முழுக்க வேண்டுமென்றால் ஃப்ரேம்வொர்க்எலிமென்ட்டின் லாங்வேஜ் ப்ராப்பர்ட்டிக்கு ஓவர்ரைடுமெட்டாடேட்டா மூலம் அதையே கொடுக்கலாம்; தொகைகளும் 1,25,000 என்று நம் முறையில் வரும். இந்த வரி ஆப் கிளாஸின் ஆன்ஸ்டார்ட்அப்பில், முதல் விண்டோ திறப்பதற்கு முன்பே ஓடியாக வேண்டும்.