பீட்டில்ஸ்: இசைத்தட்டின் மறுபக்கம்

பிரிட்டிஷ் ராக் குழுவான பீட்டில்ஸின் ஆல்பங்களை வரிசையாகக் கேட்டு முடித்துவிட்டீர்களா? இன்னும் 33 பதிவுகள் பாக்கி இருக்கின்றன. தனி இசைத்தட்டாக வந்து எந்த ஆல்பத்திலும் சேராத பாடல்கள், அவற்றின் மறுபக்கத்தில் இருந்த 'பி சைடு' பாடல்கள், சில மாற்று வடிவங்கள். எல்லாவற்றையும் 1988இல் 'பாஸ்ட் மாஸ்டர்ஸ்' என்று தொகுத்தார்கள். இசைச் செயலிகளில் அந்தப் பெயரிலேயே தேடுங்கள். 'அரிய பாடல்கள்' என்று தேடினால் குப்பைதான் வரும்.

முதலில் 'ரெயின்' (1966). வேகமாக வாசித்துப் பதிந்த தாளத்தை மெதுவாக ஓடவிட்டிருப்பதால் டிரம்ஸ் கனத்து ஒலிக்கும். கடைசியில் புரியாத மொழி போலக் கேட்பது, குழுவின் பாடகர் ஜான் லெனனின் குரலைத் திருப்பிப் போட்டது. ஹெட்போனில் கேளுங்கள்.

அடுத்து 'தி இன்னர் லைட்' (1968). இதன் இசையை குழுவின் கிட்டார் கலைஞர் ஜார்ஜ் ஹாரிசன் பம்பாயில் இந்தியக் கலைஞர்களை வைத்துப் பதிவு செய்தார். ஷெனாயும் சரோடும் நமக்குப் பழகிய ஒலிகள். இதைப் போய் மறுபக்கத்தில் போட்டார்களே என்று எனக்கு இன்றும் ஆதங்கம்.

'லெட் இட் பி'யையும் தாண்டிப் போகாதீர்கள். அதே பெயருள்ள ஆல்பத்தில் இருப்பதும் இந்தத் தொகுப்பில் இருப்பதும் ஒன்றல்ல, கிட்டார் தனியாவர்த்தனமே வேறு.