"டாக்டர், ஒரு நிமிஷம்": வார்டில் தயங்காமல் சொல்லப் பழகுவது எப்படி?

மருந்து கையில் இருக்கிறது. கேஸ் ஷீட்டில் 'பென்சிலின் அலர்ஜி' என்று எழுதியிருக்கிறது. டாக்டர் எழுதிக் கொடுத்திருப்பதோ அமாக்சிசிலின். அதுவும் பென்சிலின் வகைதான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதமே ஆன நர்ஸ் நீங்கள். 'அவருக்குத் தெரியாததா?' என்று மனம் தயங்குகிறது. என்ன செய்யலாம்?

படி 1: கையை நிறுத்துங்கள். உறுதியாகத் தெரிய வேண்டும் என்பதில்லை. சந்தேகம் வந்தாலே போதும்.

படி 2: கண்ணில் பட்டதை அப்படியே சொல்லுங்கள். பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். "இந்த மருந்தே கொடுக்கணுமா டாக்டர்?" என்று சுற்றி வளைத்துக் கேட்டால், அவசரத்தில் இருப்பவர் "ஆமா, குடுங்க" என்று போய்விடுவார். நீங்கள் எச்சரித்ததே அவருக்குத் தெரியாது. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"டாக்டர், எட்டாம் பெட் பேஷண்ட்டுக்குப் பென்சிலின் அலர்ஜின்னு ஷீட்ல இருக்கு. அமாக்சிசிலின் எழுதியிருக்கீங்க. வேற மருந்து மாத்தித் தர முடியுமா?"

யாரையும் குறை சொல்லவில்லை. விஷயம் மட்டும் இருக்கிறது. டியூட்டிக்குப் போகும் வழியில் இதை நாலு முறை வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். மனதுக்குள் சொன்னால் போதாது.

படி 3: பதில் சரியாக வராவிட்டால் மறுபடி சொல்லுங்கள். 1977-இல் ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். எதிரே இருந்த விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று, கிளம்ப ஓடிக்கொண்டிருந்த விமானத்தின் ஃப்ளைட் இன்ஜினியர் தன் கேப்டனிடம் கேட்டிருந்தார். கேப்டன் அழுத்தமாக "ஆமாம்" என்றார். அதற்குமேல் யாரும் தடுக்கவில்லை. அதனால்தான் இரண்டாம் முறை சொல்லும்போது குரலை உயர்த்தாமல் வார்த்தையின் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். "எனக்குக் கவலையா இருக்கு" என்று தொடங்குங்கள். அப்புறம் "இது சரியாப் படல". கடைசியாக, "இது பேஷண்ட்டோட பாதுகாப்பு விஷயம், கொஞ்சம் நிறுத்துவோம்."

படி 4: அதற்கும் அசையாவிட்டால் வார்டு இன்சார்ஜிடம் போங்கள். அதுவரை மருந்து கொடுக்க வேண்டாம். யாரிடம், எத்தனை மணிக்குச் சொன்னீர்கள் என்று நோட்ஸில் எழுதிவையுங்கள்.

சீனியர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவைசிகிச்சைச் சரிபார்ப்புப் பட்டியலில், கத்தி வைக்கும் முன் குழுவில் உள்ள எல்லோரும் தங்கள் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. ஒருமுறை வாய் திறந்தவருக்கு அடுத்த முறை பேசுவது எளிது. வார்டிலும் ஷிஃப்ட் தொடங்கும்போதே, "நான் எதையாவது கவனிக்காம விட்டா உடனே சொல்லுங்க" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜூனியரின் சந்தேகம் தவறாகவே இருந்தாலும், முதலில் "கேட்டது நல்லதுமா" என்று சொல்லிவிட்டு அப்புறம் விளக்குங்கள்.