காலைக் குளிரில் ஸ்டார்ட் ஆகாத பழைய டீசல் வண்டி: ஹீட்டர் கன்ட்ரோலரை நாமே சோதித்து மாற்றுவது எப்படி

என் மச்சான் பெங்களூரில் விவேக் நகர் என்ற பகுதியில் இருக்கிறான். தினமும் விடிகாலை நாலு மணிக்கு லோடு வண்டியை எடுத்துக்கொண்டு கே.ஆர். மார்க்கெட்டுக்குப் பூ மூட்டை ஏற்றப் போக வேண்டும். 2007 மாடல், 12 வோல்ட், நாலு சிலிண்டர் ஐடிஐ (டீசலைத் தனி அறையில் தெளிக்கும் பழைய வகை) டீசல் எஞ்சின். வேலூர் பக்கம் ஓடிய வண்டியை இங்கே கொண்டுவந்து நாலைந்து மாதம் ஒரு தொல்லையும் இல்லை. டிசம்பர் வந்ததும் ஆரம்பித்தது. "மாமா, செல்ஃப் நல்லா அடிக்குது, ஆனா பத்த மாட்டேங்குது. வெள்ளைப் புகை மட்டும் தெரு முழுக்க வருது" என்று நாலரை மணிக்கு போன். வெயில் ஏறிய பிறகு அதே வண்டி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகிவிடும்.

ஒர்க்‌ஷாப்பில் நாலு ஹீட்டர் பிளக்கையும் (குளிர்ந்த எஞ்சின் பற்றுவதற்காக உள்ளே சிவக்கச் சூடாகும் கம்பி முனை, சிலிண்டருக்கு ஒன்று) புதிதாக மாற்றினார்கள். மறுநாள் காலை அதே கதைதான். கடைசியில் கோளாறு இருந்தது பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் ஹீட்டர் கன்ட்ரோலரில். சிலர் ஹீட்டர் டைமர் என்பார்கள், சிலர் வெறுமனே ஹீட்டர் ரிலே என்பார்கள். தீப்பெட்டி இரண்டை ஒட்டி வைத்த அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா. அதைக் கண்டுபிடித்து மாற்றிய முறையைத்தான் எழுதுகிறேன்.

முதலில் புகையைப் பாருங்கள். செல்ஃப் வேகமாகச் சுற்றி வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, ஆனால் எரியவில்லை என்று அர்த்தம். புகையே வராவிட்டால் டீசலே போகவில்லை. அது வேறு வேலை, ஃபில்டர், காற்றுப் பிடிப்பு, ஸ்டாப் சோலினாய்டு (டீசலை நிறுத்தும் மின் வால்வு) பக்கம் போங்கள். செல்ஃப் மெதுவாகச் சுற்றினால் பேட்டரியைச் சரிசெய்துவிட்டுத்தான் மேலே படிக்க வேண்டும்.

ஐடிஐ எஞ்சினில் டீசல் நேராக பிஸ்டன் தலையில் தெளிக்காமல் ஹெட்டுக்குள் இருக்கும் சின்ன அறைக்குள் தெளிக்கிறது. குளிர்ந்த சுவர்கள் காற்றின் சூட்டை உறிஞ்சிவிடுவதால் பிளக்கின் சிவந்த முனை இல்லாமல் பற்றாது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், டிசம்பர், ஜனவரி விடிகாலையில் 15 டிகிரி வரை இறங்குகிறது. வேலூர் வெயிலில் அரைகுறையாக வேலை செய்த கன்ட்ரோலர் இங்கே வந்து மாட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

டாஷ்போர்டில் சுருள் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்து அணைகிறதே, அப்போது ஹீட்டர் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம் என்று மச்சான் கேட்டான். இல்லை. அந்த விளக்குக்கும் பிளக்குக்கும் கன்ட்ரோலரிலிருந்து தனித்தனி வழி. விளக்கு ஒழுங்காக எரிந்து அணையும், பிளக்குக்கு ஒன்றுமே போயிருக்காது.

பிளக்கைச் சோதிக்க, நாலையும் இணைக்கும் உலோகப் பட்டையைக் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று செத்திருந்தாலும் மற்ற மூன்றும் மறைத்துவிடும். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடு ஒன்று தொடுங்கள். மலிவான மீட்டர் அப்போதே 0.3, 0.4 காட்டும், அது வயரின் எதிர்ப்பு, கழித்துக்கொள்ளுங்கள். 12 வோல்ட் வண்டியின் நல்ல பிளக் ஒரு ஓம்ஸ் சுற்றுவட்டத்தில் இருக்கும். எண்ணைவிட, நாலும் ஒரே மாதிரி காட்டுகிறதா என்பதுதான் முக்கியம். மீட்டரே இல்லாவிட்டால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பை பேட்டரி பாசிட்டிவுக்கும் பிளக் தலைக்கும் நடுவில் வையுங்கள், எரிந்தால் உள்ளே கம்பி அறுந்து போகவில்லை. ஏறக்குறைய பூஜ்யம் காட்டும் பிளக் கண்டிப்பாக மாற்ற வேண்டியது. ஷார்ட் ஆன பிளக்கை வைத்துக்கொண்டு புது கன்ட்ரோலர் போட்டால் அதுவும் கருகும்.

இப்போது நாங்கள் இரண்டு வாரம் வீணாக்கிய இடத்துக்கு வருகிறேன். ஒர்க்‌ஷாப்பில் கன்ட்ரோலரிலிருந்து பிளக்குக்குப் போகும் தடித்த வயரைக் கழற்றி, அந்த முனையில் மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். 12 வோல்ட் வந்தது. "கன்ட்ரோலர் ஓகே" என்று சொல்லிவிட்டார்கள். நானும் அதையே வீட்டு வாசலில் செய்து அதே 12 வோல்ட்டைப் பார்த்து நம்பினேன். லோடு இல்லாமல், அதாவது பிளக் கரண்ட் இழுக்காதபோது, அளந்தால் மயிரிழை அளவு தொடர்பு இருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டேஜைக் காட்டும், ஏனென்றால் மீட்டர் ஏறக்குறைய கரண்டே எடுப்பதில்லை. நாலு பிளக்கும் சேர்ந்து 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும்போது அந்த மயிரிழை தாங்காது. ஆகவே வயர் எல்லாம் மாட்டியபடியே, பிளக் எரியும்போதுதான் அளக்க வேண்டும்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கிற விடிகாலையில் செய்யுங்கள். சூடாக இருந்தால் கன்ட்ரோலர் ஓரிரு விநாடியில் ஆஃப் ஆகிவிடும். குளிரில் ஐந்து முதல் பதினைந்து விநாடிதான் கிடைக்கும், அதனால் மீட்டருக்கு முதலைக் கிளிப் மாட்டிவிட்டு, ஒருவர் சாவியைத் திருப்ப, இன்னொருவர் மீட்டரை போனில் வீடியோ எடுத்துவிடுங்கள். பிறகு நிதானமாக எண்களை எழுதிக்கொள்ளலாம்.

முதல் அளவு பேட்டரி முனைகளில். எங்களுக்கு 11.8 வந்தது. இரண்டாவது பிளக் பட்டைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் நடுவில். அரை வோல்ட் குறைந்தால் பரவாயில்லை. எங்களுக்கு வந்தது 8.6. அதாவது 3.2 வோல்ட் வழியில் தொலைகிறது, பிளக்கில் சூடு பாதியளவுக்கு வந்துவிட்டது. பளிச்சென்று சிவக்க வேண்டிய முனை மங்கலாகத்தான் இருந்திருக்கும்.

எங்கே தொலைகிறது என்று துண்டு துண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் பத்து நிமிடம் இடைவெளி விட்டு, பேட்டரி பாசிட்டிவ் முனையிலிருந்து கன்ட்ரோலர் உள்ளே வரும் போல்ட் வரை ஒரு அளவு, உள்ளே வரும் போல்ட்டிலிருந்து வெளியே போகும் போல்ட் வரை ஒன்று, அங்கிருந்து பட்டை வரை ஒன்று, கடைசியாக எஞ்சின் பிளாக்கிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை ஒன்று. கடைசி அளவை விட்டுவிடாதீர்கள், எர்த் பட்டை துருப்பிடித்த வண்டியிலும் இதே வெள்ளைப் புகைதான் வரும். எங்கள் வண்டியில் மற்ற மூன்றும் சேர்ந்து 0.3. கன்ட்ரோலரின் இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் மட்டும் 2.9. இதைப் பார்த்த பிறகு சந்தேகமே இல்லை.

கரண்டையும் பார்க்க விரும்பினால், வயரைச் சுற்றிக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வேண்டும். சாதா மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் துளையில் இதை அளக்கவே கூடாது. எலக்ட்ரானிக் சாமான் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் நான் முதலில் வாங்கிய கிளாம்ப் ஏ.சி. மட்டும் அளக்கும், வண்டியில் வைத்தால் பூஜ்யம்தான். வாங்கும்போது ஆம்பியர் எழுத்துக்குப் பக்கத்தில் அலைக்கோடு மட்டும் இருக்கிறதா, நேர்க்கோடும் கீழே புள்ளிக்கோடும் இருக்கிறதா என்று பாருங்கள், இரண்டாவதுதான் டி.சி. அளக்கும். எங்களுக்கு 36 ஆம்பியர் காட்டியது. 36 ஆம்பியர், 2.9 வோல்ட், பெருக்கினால் நூறு வாட்டுக்கு மேல். 25 வாட் சால்டரிங் அயர்ன் நாலை அந்தச் சின்ன டப்பாவுக்குள் வைத்த மாதிரி. பிறகு திறந்து பார்த்தபோது ரிலே கால் ஒன்றைச் சுற்றி ஈயம் மோதிரம் போல வெடித்து, பலகை அந்த இடத்தில் காப்பித்தூள் நிறத்துக்குக் கருகியிருந்தது.

சால்டர் வைத்தே சரிசெய்யலாமே என்பார்கள். கருகிய பலகையில் நான் வைக்க மாட்டேன், தாமிரப் பூச்சே உரிந்து வரும். காயலான் கடைப் பழைய கன்ட்ரோலரும் வேண்டாம், அதுவும் இதே வயசுதான். வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டுக்குப் பழைய டப்பாவைக் கையோடு எடுத்துப்போய், மேலே உள்ள நம்பர், வோல்ட், எத்தனை பிளக், கப்ளரில் (சின்ன வயர்கள் சேர்ந்து சொருகும் இடம்) எத்தனை பின் என்று எல்லாம் ஒத்துப்போவதை வாங்குங்கள். உருவம் ஒன்றாக இருக்கிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டார்ட் ஆன பிறகும் சிறிது நேரம் சூடாக்கும் வகை வேறு, அப்படிச் செய்யாத வகை வேறு.

மாற்றுவது அரை மணி நேர வேலை. பேட்டரி நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், தடித்த வயரில் எப்போதும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். கப்ளரையும் இரண்டு வயரையும் போட்டோ எடுத்துவிட்டு, பேட்டரியிலிருந்து வரும் வயருக்குச் சிவப்பு டேப் சுற்றுங்கள். வயர் முனைகளை எமரி பேப்பரால் உலோகம் பளபளக்கும் வரை தேயுங்கள். புது கன்ட்ரோலரில் நட்டை இறுக்கும்போது அடி நட்டை இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டுதான் இறுக்க வேண்டும், போல்ட் சுற்றினால் உள்ளே இருக்கும் இணைப்பு முதல் நாளே உடையும். சில டப்பாக்களுக்கு எர்த் அதன் பாடி வழியாகவே போகும், அப்படியானால் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டிவிடுங்கள். கப்ளர் கீழ்ப்பக்கம் பார்க்கட்டும், மழைத் தண்ணீர் தேங்காது. எல்லாம் இறுக்கிய பிறகு போல்ட்டுகளின் மேல் வாசலைன் (பெட்ரோலியம் ஜெல்லி) ஒரு பூச்சு.

மறுநாள் நாலு மணிக்கு அதே வீடியோ முறையில் அளந்தோம். பேட்டரியில் 11.7, பட்டையில் 11.3. விளக்கு அணைந்ததும் மச்சான் சாவியைத் திருப்பினான், செல்ஃப் ஒரு சுற்றுகூட முழுசாகச் சுற்றவில்லை, எஞ்சின் பிடித்துக்கொண்டது. பக்கத்து வீட்டு அம்மா கோலம் போட்டுக்கொண்டே "இன்னிக்குப் புகை இல்லையே" என்றார்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்து இரண்டு பேர் கேட்டவை. ஒருவருடையது 24 வோல்ட் லாரி. 12 வோல்ட் கன்ட்ரோலரையோ பிளக்கையோ அதில் மாட்டினால் கருகிவிடும். டீசலை நேராக பிஸ்டன் தலையில் தெளிக்கும் பெரிய டிஐ எஞ்சின்கள் பலவற்றில் ஹீட்டர் பிளக்கே கிடையாது, முதலில் ஹெட்டில் பிளக் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொருவர், கன்ட்ரோலரை விட்டுவிட்டு ஹார்ன் ரிலேயும் ஒரு பட்டனும் போட்டு நேராகக் கொடுக்கலாமா என்று கேட்டார். 30 ஆம்பியர் ஹார்ன் ரிலே இந்த லோடைத் தாங்காது, ஒட்டிக்கொண்டால் பிளக் அணையாமல் எரிந்து முனை உருகி சிலிண்டருக்குள் விழும். அதைவிட மோசம், ஏர் ஃபில்டர் வாயில் ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிப்பது. பிளக் சூடாக இருக்கும் எஞ்சினில் அது நேரத்துக்கு முன்பே பற்றி வெடிக்கலாம். புது கன்ட்ரோலர் வரும்வரை வண்டியை வெயில் விழும் பக்கமாக நிறுத்தி, ஏழு மணிக்கு மேல் எடுங்கள். நாங்கள் மூன்று நாள் அப்படித்தான் ஓட்டினோம், பூவை அந்த மூன்று நாளும் ஆட்டோவில் கொண்டுவந்தோம்.